யாழ்ப்பாணத்து அமெரிக்கன் மிசன் வீடுகளில் அன்றாட வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று நம்முடைய ஊர்ப் பெயர்களோடு அமெரிக்கன் மிசன் என்ற பெயர் இருநூறு வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்கள் கட்டிய பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அச்சுக்கூடம், அகராதி பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அந்தப் பங்களாக்களுக்குள் குடும்பமாக இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள், பிள்ளைகளை எப்படி வளர்த்தார்கள், கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தது யார் என்பதெல்லாம் அதிகம் பேசப்படுவதில்லை. பழைய மாணவர்களும், விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்து போகும் நம் பிள்ளைகளும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் இவைதான். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீடுகளைத் தாங்கி நடத்தியவர்கள் யாழ்ப்பாணத்துச் சனங்கள். அவர்களை விட்டுவிட்டு மிசனரிமாரின் கதையைச் சொன்னால் அது பாதிக் கதைதான்.

இவர்கள் யார், எப்போது வந்தார்கள்?

1810இல் அமெரிக்காவின் மசாசுசெட்சில் தொடங்கிய 'அமெரிக்கன் போர்ட்' என்ற வெளிநாட்டு மிசன் சங்கம் அனுப்பிய குடும்பங்கள். முதல் குழு 1815 அக்டோபர் 23 அன்று நியூபரிபோர்ட் துறைமுகத்தில் 'டிரையட்' என்ற பாய்க்கப்பலில் ஏறி, 1816 மார்ச் 22 அன்று கொழும்பில் இறங்கியது. ஐந்து மாதக் கடற்பயணம். ஆளுநர் ரொபர்ட் பிரவுன்ரிக் அனுமதி கொடுக்க, டானியல் பூவரும் எட்வர்ட் வாரனும் தெல்லிப்பழைக்கும், பெஞ்சமின் மெய்க்சும் ஜேம்ஸ் ரிச்சர்ட்சும் வட்டுக்கோட்டைக்கும் போனார்கள். 1819 கடைசியிலும் 1820 தொடக்கத்திலும் ஸ்போல்டிங், வின்ஸ்லோ, வூட்வர்ட், ஸ்கடர் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அப்புறம் உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் நிலையங்கள் தொடங்கின. மெதடிஸ்தத் திருச்சபையினர் 1814இலேயே யாழ்ப்பாணம் வந்துவிட்டார்கள், ஆங்கிலிக்கன் மிசனும் இருந்தது. இங்கே நான் சொல்வது அமெரிக்கர்களின் வீடுகளைப் பற்றி மட்டும்.

முதலில் வந்தவர்களை மாற்ற ஏன் நீண்ட காலம் யாரும் வரவில்லை?

அரசாங்கம் விடவில்லை. பிரவுன்ரிக்குக்குப் பின் வந்த எட்வர்ட் பார்ன்ஸ் புதிய அமெரிக்கர் யாரும் தீவில் தங்கக்கூடாது என்றார். 1820இல் அச்சு வேலைக்கென்று வந்த ஜேம்ஸ் காரட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடை 1833 வரை நீடித்தது. ஆகவே ஏறக்குறைய பதின்மூன்று வருடம், ஏற்கனவே இருந்த ஒரு சில குடும்பங்களே ஐந்து நிலையங்களையும் பார்த்தன. ஒருவர் நோயில் விழுந்தால் அவர் வேலையும் அடுத்தவர் தலையில். இந்தக் காலத்துக் குடும்ப வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்திருப்பது முக்கியம்.

வந்ததும் எங்கே தங்கினார்கள்?

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன பழைய கிறிஸ்தவக் கோயில் கட்டடங்களிலும் அவற்றோடு இருந்த குருமனைகளிலும்தான். பல இடங்களில் சுவர் நின்றது, கூரை இல்லை, உள்ளே மரம் முளைத்துக் கிடந்தது. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள் என்பதால் திருத்தி எடுக்க முடிந்தது. பனை மரத்தில் வளையும் சிலாகையும், மேலே ஓலை வேய்ச்சல், முன்னால் அகன்ற விறாந்தை, ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. குசினி வீட்டோடு சேராமல் தள்ளித் தனியாக இருந்தது. இந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் நம் ஊர் மேசன்மாரும் தச்சரும் வேய்ச்சல்காரருமே. நியூ இங்கிலாந்தில் பனிக்குப் பயந்து வீடு கட்டிப் பழகியவர்களுக்கு, காற்றை உள்ளே விடவும் வெயிலை வெளியே நிறுத்தவும் இங்குள்ளவர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

கறையான் பெரிய தொல்லை. புத்தகப் பெட்டியை நிலத்தில் வைத்தால் சில நாளில் மண்ணாகிவிடும். கூரையிலிருந்து தேள் விழும், மழைக்காலத்தில் பாம்பு விறாந்தைக்கு ஏறும். நமக்கு இது புதிதல்ல, ஆனால் கைக்குழந்தையோடு வந்து இறங்கிய இருபது வயதுப் பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

என்ன சாப்பிட்டார்கள்? பாண் கிடைத்ததா?

சோறும் கறியும். கொஞ்ச நாளிலேயே அதற்குப் பழகிவிட்டார்கள், பழகாமல் வேறு வழியும் இல்லை. குடாநாட்டில் விளைந்த நெல் எப்போதும் போதாது, சோழமண்டலக் கரையிலிருந்து அரிசி தோணியில் வரும். கோழி, ஆட்டிறைச்சி, மீன், முட்டை, வாழைப்பழம், மாம்பழம், தேங்காய் எல்லாம் தாராளம். மாட்டிறைச்சி சைவ ஊருக்குள் தேடிப் பிடிக்கிற சாமான் அல்ல. நம் ஊர்ப் பசு கறக்கிற பாலில் வெண்ணெய் எடுத்து முடியாது என்பதால் அந்த ஆசையும் குறைந்தது.

கோதுமை மா வெளியிலிருந்து வரவேண்டும், வந்தாலும் வண்டு பிடித்திருக்கும். பாணுக்கு ஈஸ்ட் எங்கே போவது? இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் அக்காலத்தில் கள்ளு விட்டுத்தான் மாவைப் புளிக்க வைத்தார்கள், நம் அம்மம்மாமார் அப்பத்துக்குச் செய்தது போலவே. குடிக்கு எதிராக மதுவிலக்குப் பிரசாரம் செய்த அதே மிசன் வீடுகளின் பாணுக்கும் பனையில் ஏறி இறங்கிய ஒருவரின் உழைப்பு தேவைப்பட்டது.

அமெரிக்காவிலிருந்து மாதர் சங்கங்கள் பெட்டி அனுப்புவார்கள். துணி, காலணி, புத்தகம், உலர்த்திய ஆப்பிள். ஒரு பெட்டி வந்து திறக்கிற நாள் வீட்டில் பெருநாள். கம்பளித் துணி வந்தால் மட்டும் என்ன செய்வது என்று தெரியாது.

வீட்டு வேலைக்கு எத்தனை பேர் இருந்தார்கள்? இது வசதியான வாழ்க்கைதானே?

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் பணம் கொடுத்தவர்களே அன்று கேட்டார்கள். சமையற்காரர், தண்ணீர் அள்ளுபவர், வண்ணார், தோட்டம் பார்ப்பவர், பிள்ளை பார்க்கும் ஆயா, மாடு பார்க்கிறவர், தூரப் பயணத்துக்குப் பல்லக்குத் தூக்குபவர்கள் என்று ஒரு வீட்டைச் சுற்றிப் பலர் இருந்தார்கள். அமெரிக்காவில் விவசாயி மகளாகத் தானே துணி துவைத்துத் தானே ரொட்டி சுட்ட பெண்களுக்கு இது கூச்சமாகத்தான் இருந்தது.

ஆனால் காரணம் இருக்கிறது. துலாவில் தண்ணீர் அள்ளுகிறவர் உடுப்புத் தோய்க்க மாட்டார், உடுப்புத் தோய்ப்பவர் குசினிக்குள் வர மாட்டார், வரவும் விடமாட்டார்கள். சாதிவழித் தொழிற்பிரிவு அப்படி. ஒருவரையே எல்லா வேலைக்கும் வைப்பது அன்று நடக்காத காரியம். இன்னொன்று, வீட்டம்மா காலை முழுவதும் பள்ளிக்கூடத்தில் நின்றால் அடுப்பை யார் பார்ப்பது? சரி, நியாயம் இருக்கிறது. ஆனாலும் சாதிக்கு எதிராகப் பிரசங்கம் செய்துகொண்டு சாதி வகுத்த வேலைப் பிரிவின் மேலேயே குடும்பம் நடத்தியது ஒரு முரண்பாடு என்றே நான் நினைக்கிறேன். அதை மூடி மறைக்கத் தேவையில்லை.

வெயிலைச் சமாளித்தது எப்படி?

விடியுமுன் எழும்புவது, பத்து மணிக்குள் வெளிவேலையை முடிப்பது, மத்தியானம் வீட்டுக்குள், வெயில் தாழ்ந்த பின் மறுபடி கிராமத்துக்கு. நாமும் அப்படித்தானே. பங்குனி சித்திரையில் காற்று அசையாமல் நிற்கிற நாட்கள்தான் மோசம். வைகாசி தாண்டிச் சோளகக் காற்று எழும்பினால் உடம்புக்கு ஆறுதல், ஆனால் புழுதி. ஐப்பசி கார்த்திகை மாரியில் ஒழுங்கைகள் வெள்ளமாகி வண்டில் போகாது, ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதே நின்றுவிடும்.

மிசனரிமாரின் மனைவிமார் என்ன செய்தார்கள்?

கணவரின் பெயரில் அறிக்கை போகும், பாதி வேலை இவர்களுடையது. ஹரியற் வின்ஸ்லோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1820இல் உடுவிலுக்கு வந்தார். 1824இல் அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியபோது அதை நடத்தியவர் அவரே, அதே நேரத்தில் தன் சொந்தக் கைக்குழந்தைகளையும் வளர்த்தார். அதுதான் இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி.

பெண்பிள்ளை எழுத்துப் படித்தால் யார் கலியாணம் செய்வார் என்று ஊர் கேட்ட காலம். விடுதிக்கு முதல் பிள்ளைகள் எப்படி வந்தார்கள் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தையல் பழக வந்துபோன சிறுமிகள் ஒருநாள் கடும் மழையில் வீடு போக முடியாமல் மிசன் வீட்டிலேயே இரவு தங்கினார்கள், பசி தாங்காமல் அங்கேயே சாப்பிட்டார்கள். மறுநாள் வந்த தகப்பன், சாப்பிட்டாகிவிட்டது, இனி என்ன, இங்கேயே இருந்து படிக்கட்டும் என்று விட்டுவிட்டாராம். கதை எந்த அளவுக்கு அப்படியே நடந்ததோ, அதில் இருக்கிற பயம் முழு உண்மை: யார் வீட்டில், யார் சமைத்ததைச் சாப்பிடுவது என்பது அன்று படிப்பை விடப் பெரிய விஷயம். மணமாகிப் போகும் மாணவிகளுக்கு மிசனே சிறு தொகையைச் சீதனமாகக் கொடுத்ததும் இதே ஊர் நிலவரத்தைத் தெரிந்துகொண்டுதான்.

ஹரியற் 1833 ஜனவரியில் உடுவிலில் இறந்தபோது வயது 36. அவருக்குப் பின் பள்ளியை மேரி ஸ்போல்டிங் தாங்கினார். லேவி ஸ்போல்டிங்கும் மேரியும் ஐம்பது வருடத்துக்கு மேல் யாழ்ப்பாணத்திலேயே இருந்தவர்கள்.

பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள்? தமிழ் பேசினார்களா?

பேசினார்கள், பல பிள்ளைகளுக்கு முதலில் வந்தது தமிழ்தான். ஆயாவின் இடுப்பில் வளர்ந்த குழந்தை வேறு என்ன பேசும்? வளவுக்குள் வேலைக்காரர் பிள்ளைகளோடு விளையாடி, பனங்கிழங்கு தின்று, மண்ணில் புரண்டு வளர்ந்தார்கள். பெற்றோருக்கு இதில் சந்தோசத்தை விடக் கவலைதான் அதிகம். சைவக் கோயில் திருவிழாவையும் ஊர்க் கதைகளையும் பிள்ளை பிடித்துக்கொள்ளும் என்ற பயத்தில் வளவு மதிலுக்குள் வைத்திருக்கப் பார்த்தார்கள். அம்மாவே வீட்டில் ஆங்கிலம், வேதாகமம், கணக்கு சொல்லிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு வருகிறது இந்தக் கதை முழுவதிலும் எனக்கு ஏற்றுக்கொள்ளக் கஷ்டமான பகுதி. பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவார்கள். நாடு திரும்பும் இன்னொரு குடும்பத்தோடு கப்பலில் ஏற்றி, அங்கே பாட்டி வீட்டிலோ உறவினர் வீட்டிலோ படிக்க. ஐந்து மாதக் கடல். மறுபடி சந்திப்பது பத்து வருடம் கழித்தோ, சில வேளை சந்திக்காமலே போவதோ. இங்கே மற்றவர்களின் பிள்ளைகளை விடுதியில் வைத்துத் தாயாக இருந்த பெண்கள், தங்கள் பிள்ளைகளைக் கடல் தாண்டிக் கொடுத்துவிட்டு இருந்தார்கள். போர்க்காலத்தில் பிள்ளையைத் தனியாக வெளிநாட்டுக்கு அனுப்பிய யாழ்ப்பாணத்துத் தாய்மாருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அப்படிப் போனவர்களில் சிலர் திரும்பியும் வந்தார்கள். ஹவ்லண்ட் என்ற மிசன் குடும்பத்துப் பிள்ளைகளில் சாமுவேல் யாழ்ப்பாணக் கல்லூரியின் அதிபரானார், சூசன் உடுவில் பள்ளியின் அதிபரானார். ஸ்கடர் 1836இல் சென்னைக்கு மாறினார், அவருடைய மகன்மார் ஏழு பேர் இந்தியாவில் மிசன் பணிக்கு வந்தார்கள், வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அவர் பேத்தி. வின்ஸ்லோவின் சந்ததி வேறு பாதையில் போனது. அமெரிக்க வெளியுறவுச் செயலாளராக இருந்த ஜோன் பொஸ்டர் டலஸ் உடுவிலில் அடக்கமான ஹரியற்றின் கொள்ளுப்பேரன்.

நோய் வந்தால் என்ன செய்தார்கள்?

மருத்துவர் இருக்கிற நிலையத்துக்கு ஓடுவது. 1820இலிருந்து பண்டத்தரிப்பில் ஸ்கடர், பிறகு மானிப்பாயில் 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன். ஆனால் அக்கால மேற்கத்திய மருத்துவத்தின் கையிலும் அதிகம் இருக்கவில்லை. வாந்திபேதி எதனால் பரவுகிறது என்று யாருக்கும் தெரியாது, குடிக்கிற கிணற்றைச் சந்தேகிக்கவும் தெரியாது. நமது குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம், மேலே ஊற்றியது சீக்கிரம் கீழே இறங்கும், மாரி காலத்தில் கிணறு கெடுவது சுலபம்.

வாரன் காசநோயோடு 1818இல் நன்னம்பிக்கை முனையில் இறந்தார். டானியல் பூவரின் மனைவி சூசன் 1821இல், ரிச்சர்ட்ஸ் 1822இல், இருவரும் தெல்லிப்பழையில். பின்னால் வந்த மிசனரிமாரான பெரி தம்பதியர் 1838இல் சில நாள் இடைவெளியில் வாந்திபேதியில் போனார்கள். டானியல் பூவரையும் 1855இல் மானிப்பாயில் அதே நோய்தான் கொண்டுபோனது. ஸ்கடர் தம்பதியரின் முதற்குழந்தை யாழ்ப்பாணத்தைக் காணவேயில்லை, வரும் வழியில் கல்கத்தாவில் இறந்துவிட்டது. அதே வருடங்களில் அதே நோய்களில் சுற்றியிருந்த கிராமங்களில் இறந்தவர்களின் தொகை இதைவிட எவ்வளவோ அதிகம், அவர்களுக்குக் கல்லறை வாசகம் இல்லை.

கிறீன் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தன்னால் ஒருவனாக இத்தனை பேரைப் பார்க்க முடியாது என்று உணர்ந்து, உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார், 1864இலிருந்து தமிழிலேயே கற்பித்தார், பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் மருத்துவர்கள் அவரிடம் பயின்று வெளியேறினார்கள். படித்தவர்கள் மேலைநாட்டு உடைக்கு மாறுவது அவருக்குப் பிடிக்கவில்லை, தமிழராகவே இருங்கள் என்றார்.

தமிழ் எப்படிக் கற்றார்கள்?

தினமும் காலையில் ஓர் ஆசிரியர் வீட்டுக்கு வந்து பாடம் நடத்துவார். எழுத்தாணி பிடித்து ஓலையில் எழுதவும் பழகினார்கள். புத்தகத் தமிழை இந்த ஆசிரியர்களிடமும் பேச்சுத் தமிழைக் குசினியிலும் சந்தையிலும் கற்றார்கள். 1842இல் வந்த யாழ்ப்பாண அகராதியைப் பலர் மிசனின் சாதனை என்பார்கள். தமிழ் அறிஞர் சந்திரசேகர பண்டிதர் இல்லாமல் அது இல்லை. 1862இல் சென்னையில் வெளிவந்த வின்ஸ்லோவின் தமிழ் ஆங்கில அகராதிக்குப் பின்னாலும் தமிழ் அறிஞர்கள் நின்றார்கள்.

ஊரவர்கள் அவர்களை எப்படிப் பார்த்தார்கள்?

ஒரே மாதிரி அல்ல. இங்கிலீசுக்காகப் பிள்ளையை அனுப்பிய தகப்பன் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அனுப்பத் தயங்கினார். மருந்துக்கு வந்தவர் பிரசங்கத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் திருநீறு பூசினார். விடுதிப் பிள்ளைகளின் செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரையே பிள்ளைகளுக்கு வைத்தார்கள். கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை எல்லாம் அப்படி வந்த பெயர்கள். ஒரு குழந்தையின் பெயரை மாற்றுவது சின்ன விஷயமில்லை, அதை அன்றும் பலர் விரும்பவில்லை. மெதடிஸ்தரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் வேலை செய்த ஆறுமுக நாவலர், அவர்களின் முறைகளை உள்ளிருந்து பார்த்தவர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிசனுக்குக் கிடைத்த மிகச் சரியான பதில் அதுதான் என்பேன்.

வீட்டுக்குக் கடிதம் போட்டால்?

கேள்வி கேட்டுப் பதில் வர ஏறக்குறைய ஒரு வருடம், முதல் காலங்களில். தாய் இறந்த செய்தி ஆறு மாதம் கழித்து வரும், அதுவரை அவருக்கே கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு நிலைமை வெகுவாக மாறியது.

தனியாக வந்த பெண்கள் உண்டா?

உண்டு. எலைசா அக்னியூ நியூயோர்க்கிலிருந்து 1840இல் வந்தார், 1879 வரை உடுவில் பள்ளியை நடத்தினார், 1883இல் மானிப்பாயில் இறந்தார். இடையில் ஒரு தடவைகூட அமெரிக்காவுக்குப் போகவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவிகள் அவர் கையால் படித்தார்கள். தாய், மகள், பேத்தி என்று ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையும் அவரிடம் படித்ததுண்டு. விடுமுறையில் பழைய மாணவிகளின் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பாராம். கலியாணம் செய்யாத பெண் தனியாக இருந்து மரியாதையோடு வாழலாம் என்பதை அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் பலர் முதன்முதலில் இவரில்தான் கண்டார்கள்.

சமையற்காரர், ஆயா, வண்டில்காரர் பெயர்கள் எங்காவது இருக்கின்றனவா?

மிகக் குறைவு. மிசனரிமாரின் கடிதங்கள் அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களுக்கு இவர்கள் பெரும்பாலும் 'எங்கள் ஆயா', 'சமையற்காரன்' என்ற அளவில்தான். உங்கள் பூட்டனோ பூட்டியோ மிசன் வளவில் வேலை செய்தார் என்று வீட்டில் யாராவது வயதானவர் சொன்னால், தயவுசெய்து அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். பெயர், ஊர், என்ன வேலை, எந்தப் பாதிரியார் வீட்டில், அவ்வளவு போதும். இடம்பெயர்வில் நாம் இழந்த பெட்டிகளும் ஓலைகளும் திரும்பி வராது, ஞாபகம் இன்னும் சிலரிடம் இருக்கிறது.

இன்று போய்ப் பார்க்கக்கூடியவை எவை?

வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியும் பழைய கோயிலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அந்தக் கோயில் 1947இலிருந்து தென்னிந்தியத் திருச்சபை யாழ்ப்பாண ஆதீனத்தின் பேராலயம். உடுவிலில் மகளிர் கல்லூரியும் அருகே கோயிலும் சேமக்காலையும். மானிப்பாயில் கிறீன் நினைவு மருத்துவமனை. தெல்லிப்பழை யூனியன் கல்லூரி இருக்கும் பகுதி நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது, இப்போது போகலாம். பள்ளிக்கூட நாட்களில் உள்ளே போக அனுமதி கேட்க வேண்டும், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். ஞாயிறு காலை ஆராதனை முடிந்த நேரம் கோயில்களைப் பார்க்கச் சுகம், பழைய கதை தெரிந்த பெரியவர்களும் அப்போதுதான் வெளியில் நின்று கதைத்துக்கொண்டிருப்பார்கள்.